ஆங்கிலப் பெயர்த்தொடரில் தலையைக் கண்டுபிடிப்பது எப்படி?

கேள்வி: போட்டித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறேன். ஆங்கில வாக்கியத்தில் பெயர்த்தொடர் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று பிடிபடவில்லை. அதற்குள் தலைப்பெயர் எது என்று கேட்டால் இன்னும் திணறுகிறேன். ஒரு மாதிரித் தேர்வில் 'தி லிஸ்ட் ஆஃப் செலக்டட் கேண்டிடேட்ஸ் ___ ஆன் தி நோட்டீஸ் போர்டு' என்று வந்தது. 'கேண்டிடேட்ஸ்' பன்மைதானே என்று 'ஆர்' போட்டேன். விடைக்குறிப்பில் 'இஸ்' என்று இருக்கிறது. இதற்கு ஏதாவது வழிமுறை உண்டா?

பதில்:

உண்டு. அதற்கு முன்னால், நீங்கள் ஏன் 'கேண்டிடேட்ஸ்' பக்கம் சாய்ந்தீர்கள் என்று பார்த்துவிடலாம். உங்கள் காது தமிழுக்குப் பழகிய காது. தமிழில் பெயர்த்தொடரின் தலை கடைசியில்தான் நிற்கும். 'தேர்வு செய்யப்பட்டவர்களின் பட்டியல்', 'நேற்று நீ கொண்டுவந்த அந்தப் பழைய குடை', 'மாமா வீட்டுக் கிணற்றடியில் இருந்த மாமரம்' என்று எவ்வளவு நீட்டினாலும் அடைகள் எல்லாம் முன்னால் வந்து சேரும், கடைசிப் பெயர் தலையாகும். அதே பழக்கத்தில் ஆங்கிலத் தொடரின் கடைசிப் பெயரைப் பிடிக்கிறோம். ஆங்கிலத்திலோ அடைகள் தலைக்கு முன்னாலும் வரும், பின்னாலும் வரும். தலை நடுவில் மாட்டிக்கொண்டு நிற்கும்.

பெயர்த்தொடர் என்பது ஒரு பெயரும் அதைச் சார்ந்த சொற்களும் சேர்ந்து, வாக்கியத்தில் ஒற்றைப் பெயரைப் போல் நடந்துகொள்ளும் கூட்டம். அந்தக் கூட்டம் எதைக் குறிக்கிறது, வினை ஒருமையா பன்மையா என்ற இரண்டையும் முடிவு செய்யும் சொல்தான் தலை. நோட்டீஸ் போர்டில் ஒட்டப்பட்டிருப்பது பட்டியல். தேர்வானவர்களை யாரும் போர்டில் ஒட்டி வைப்பதில்லை. எனவே தலை 'லிஸ்ட்', வினை 'இஸ்'.

என் மாணவர்களுக்கு நான் சொல்வது ஒன்றே ஒன்று: வாலை வெட்டுங்கள், மிச்சத்தில் தமிழ் விதியைப் போடுங்கள். தலைக்குப் பின்னால் வரும் பகுதியை நீக்கிவிட்டால் மீதமிருக்கும் துண்டு அப்படியே தமிழ் வரிசையில் இருக்கும். அதில் கடைசிச் சொல்தான் தலை. 'தி லிஸ்ட் ஆஃப் செலக்டட் கேண்டிடேட்ஸ்' என்பதில் 'ஆஃப்' முதல் வெட்டினால் 'தி லிஸ்ட்' மிஞ்சும்.

தலைக்கு இடப்பக்கம் ஆங்கிலமும் தமிழும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பதற்குச் செய்தித்தாள் தலைப்புகளே சாட்சி. 'ஸ்டேட் கவர்ன்மென்ட் ஸ்கூல் டீச்சர் ரெக்ரூட்மென்ட் எக்ஸாம் ரிசல்ட்ஸ்' என்று ஏழு பெயர்களை அடுக்கினால், தமிழில் 'மாநில அரசுப் பள்ளி ஆசிரியர் நியமனத் தேர்வு முடிவுகள்' என்று அதே வரிசையில் சொல்லுக்குச் சொல் வந்து விழும். தலை 'ரிசல்ட்ஸ்'. இங்கே யாரும் தடுமாறுவதில்லை. தடுமாற்றம் எல்லாம் வலப்பக்கத்தில்தான்.

வால் எங்கே தொடங்குகிறது என்று காட்டும் அடையாளங்கள் சில. மிக எளிதானவை ஆஃப், இன், ஆன், வித், ஃபார், ஃப்ரம் போன்ற பிரிபொசிஷன்கள். அடுத்தவை ஹூ, விச், தட். மூன்றாவது, பெயருக்குப் பின்னால் வரும் 'இங்' அல்லது 'எட்' வடிவங்கள் ('ரிட்டன்' போல 'எட்' இல்லாமல் வரும் மூன்றாம் வடிவமும் இதில் சேரும்): 'தி பாய்ஸ் பிளேயிங் இன் தி ஸ்ட்ரீட்', 'தி லெட்டர் ரிட்டன் பை ஹிஸ் ஃபாதர்'. பெயருக்கு முன்னால் வரும் 'இங்' வால் அல்ல. 'ரன்னிங் வாட்டர்' என்பதில் அது சாதாரண முன் அடை. நான்காவது, 'டு' சேர்ந்த வினை: 'தி டிசிஷன் டு க்ளோஸ் தி ஃபேக்டரி'. தலை 'டிசிஷன்', மூடப்படப் போவது தொழிற்சாலையாக இருந்தாலும் நாம் பேசுவது முடிவைப் பற்றி.

ஐந்தாவதுக்கு அடையாளமே கிடையாது. 'தி புக் ஐ பாட் யெஸ்டர்டே' என்பதில் 'தட்' மறைந்திருக்கிறது. ஒரு பெயருக்கு அடுத்து, நடுவில் எதுவும் இல்லாமல், ஐ, ஹி, ஷீ, தே என்று ஒன்று வந்து உட்கார்ந்தால் அந்த இடத்தில் கத்தியை வையுங்கள். அநேகமாகத் தவறாது.

'எட்' வடிவம் மட்டும் கொஞ்சம் வம்பு செய்யும், ஏனென்றால் இறந்தகால வினையும் அதே உருவில் வரும். 'தி பாசெஞ்சர்ஸ் ஸ்ட்ராண்டட் அட் தி ஸ்டேஷன் வேர் கிவன் ஃபுட்' என்ற வாக்கியத்தில் 'ஸ்ட்ராண்டட்' என்பதை வினைமுற்று என்று எடுத்துக்கொண்டால், 'வேர்' வந்ததும் வண்டி தடம் புரளும். வாக்கியத்தின் உண்மையான வினைமுற்று 'வேர் கிவன்'. தமிழில் சொல்லிப் பாருங்கள்: 'ரயில் நிலையத்தில் சிக்கித் தவித்த பயணிகளுக்கு உணவு தரப்பட்டது.' 'தவித்தனர்' என்று வராமல் 'தவித்த' என்று பெயரெச்சமாக வருகிறது அல்லவா? அப்படியானால் அது பயணிகளின் வால். பொதுவாகவே, முதலில் வாக்கியத்தின் வினைமுற்றைக் கண்டுபிடித்துவிட்டுப் பிறகு அதன் இடப்பக்கம் திரும்புவது நல்லது. எழுவாயாக நிற்கும் பெயர்த்தொடர் அங்கேதான் இருக்கும். தொடக்கத்தில் 'யெஸ்டர்டே', 'இன் தி ஈவினிங்' என்று காலமோ இடமோ தனியாக நின்றால் அதைக் கழித்துவிடுங்கள்.

இனி எல்லைக்கு வருவோம். தொடர் எதுவரை என்று சரிபார்க்க எல்லாரும் சொல்வது பிரதிப்பெயர்ச் சோதனை. சந்தேகப்படும் சொற்கூட்டத்தை எடுத்துவிட்டு அங்கே இட், ஹி, ஷீ, தே, தெம் இவற்றில் ஒன்றை வையுங்கள். வாக்கியம் நின்றால் நீங்கள் எடுத்தது முழுப் பெயர்த்தொடர். 'தி டால் கேர்ள் வித் தி ரெட் பேக் லாஃப்ட்' என்பதில் 'தி' முதல் 'பேக்' வரை முழுவதையும் நீக்கி 'ஷீ லாஃப்ட்' என்று சொல்லலாம். 'கேர்ள்' ஒன்றை மட்டும் நீக்கி 'தி டால் ஷீ வித் தி ரெட் பேக்' என்று சொல்ல முடியாது. பெயருக்குப் பதிலாக வருவது பிரதிப்பெயர் என்று பள்ளியில் சொல்லிக்கொடுக்கிறார்களே, அது பாதி உண்மைதான். அது முழுத் தொடருக்குப் பதிலாக வருகிறது.

இந்தச் சோதனை உண்மையில் கைகொடுப்பது வினைக்குப் பின்னால். இரண்டு வாக்கியங்களைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 'ஷீ பாட் தி சாரி இன் காஞ்சிபுரம்.' 'ஷீ பாட் தி சாரி இன் தி விண்டோ.' மேலோட்டத்தில் இரண்டும் ஒரே அச்சு. முதல் வாக்கியத்தை 'ஷீ பாட் இட் இன் காஞ்சிபுரம்' என்று மாற்றலாம். 'இன் காஞ்சிபுரம்' வெளியே நிற்கிறது, எனவே பெயர்த்தொடர் 'தி சாரி' மட்டும். இரண்டாவதை 'ஷீ பாட் இட் இன் தி விண்டோ' என்று மாற்றினால் அவள் கடை ஜன்னலுக்குள் ஏறி நின்று வாங்கியதாக ஆகிவிடும். அங்கே 'தி சாரி இன் தி விண்டோ' முழுவதும் ஒரே தொடர்.

நாம் தமிழர்கள் என்பதால் நமக்கு இன்னொரு சோதனை இலவசமாகக் கிடைக்கிறது. ஆங்கிலேயருக்கு இது கிடையாது, இலக்கணப் புத்தகங்களிலும் நான் பார்த்ததில்லை. மனதுக்குள் மொழிபெயர்த்து, அந்த பிரிபொசிஷன் பகுதி தமிழில் எப்படி முடிகிறது என்று கவனியுங்கள். 'காஞ்சிபுரத்தில் சேலை வாங்கினாள்' என்பதில் 'காஞ்சிபுரத்தில்' நேராக வினையைப் போய்ப் பற்றுகிறது. மற்றதை 'ஜன்னலில் சேலையை வாங்கினாள்' என்று சொல்ல முடியாது; 'ஜன்னலில் இருந்த சேலையை வாங்கினாள்' என்று 'இருந்த' சேர்த்தே ஆக வேண்டும். தமிழில் 'இல்' உருபு பெற்ற சொல் நேரடியாகப் பெயரைத் தழுவாது. இடையில் உள்ள, இருந்த என்று ஒரு பெயரெச்சம் கேட்கும். ஆகவே 'உள்ள' போட வேண்டி வந்தால் அந்தப் பகுதி பெயர்த்தொடருக்குள் இருக்கிறது, தேவைப்படாவிட்டால் வெளியே இருக்கிறது.

இது 'இன்' என்ற ஒரு சொல்லோடு நிற்பதில்லை. 'எ ஃபிலிம் அபௌட் காந்தி' என்றால் 'காந்தியைப் பற்றிய படம்'. 'தே டாக்ட் அபௌட் காந்தி' என்றால் 'காந்தியைப் பற்றிப் பேசினார்கள்'. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே 'அபௌட்'. தமிழ் 'பற்றிய' என்றும் 'பற்றி' என்றும் பிரித்துவிடுகிறது. அதேபோல 'மெடிசின் ஃபார் ஃபீவர்' என்றால் காய்ச்சலுக்கான மருந்து, 'ஹி பாட் எ சைக்கிள் ஃபார் ஹிஸ் சன்' என்றால் மகனுக்காக வாங்கினான். பற்றிய, ஆன, உள்ள, உடைய என்று முடிந்தால் உள்ளே. பற்றி, ஆக, இல் என்று முடிந்து வினையை நோக்கினால் வெளியே. பெயரெச்சம், வினையெச்சம் என்று பள்ளியில் மனப்பாடம் செய்த பாடம் இங்கே ஆங்கிலத் தேர்வில் மதிப்பெண் வாங்கிக் கொடுக்கிறது.

இப்போது ஒரு நீளமான வாக்கியத்தை முழுதாகப் பிரித்துப் பார்க்கலாம். 'தி டூ ஓல்டு வுடன் பெஞ்சஸ் நியர் தி கேட் ஆஃப் தி ஸ்கூல் தட் வாஸ் பில்ட் இன் 1925 நீட் ரிப்பேர்.' வினைமுற்றைத் தேடுகிறோம். 'வாஸ் பில்ட்' கண்ணில் படும், ஆனால் அது 'தட்' பிடியில் இருக்கிறது. கழித்துவிட்டால் மிஞ்சுவது 'நீட்'. அதன் இடப்பக்கம் இருப்பதெல்லாம் சேர்ந்து 'தே நீட் ரிப்பேர்' ஆகிறது, எனவே முழுவதும் ஒரே பெயர்த்தொடர். முதல் வெட்டு 'நியர்' என்ற இடத்தில். மிஞ்சும் 'தி டூ ஓல்டு வுடன் பெஞ்சஸ்' என்பதன் கடைசிச் சொல் 'பெஞ்சஸ்'. அது பன்மை, அதனால்தான் வினை 'நீட்ஸ்' ஆகாமல் 'நீட்' என்று நிற்கிறது.

வெட்டிய வாலைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அதற்குள் இன்னும் பெயர்த்தொடர்கள் இருக்கின்றன. 'தி கேட் ஆஃப் தி ஸ்கூல்...' ஒன்று, தலை 'கேட்'. அதற்குள் 'தி ஸ்கூல் தட் வாஸ் பில்ட் இன் 1925', தலை 'ஸ்கூல்'. அதற்குள் '1925' என்ற ஆண்டும் ஒரு குட்டித் தொடர்தான். தேர்வில் 'எல்லாப் பெயர்த்தொடர்களையும் எழுதுக' என்று கேட்டால் இவற்றோடு வலப்பக்கம் இருக்கும் 'ரிப்பேர்' என்பதையும் சேர்க்க வேண்டும். ஒற்றைச் சொல் என்று பலர் அதை விட்டுவிடுகிறார்கள்.

இதையே தமிழில் சொன்னால்: '1925இல் கட்டப்பட்ட பள்ளியின் வாயிலருகே உள்ள இரண்டு பழைய மரப் பெஞ்சுகள்'. ஆங்கில வால் கடைசியிலிருந்து முன்னோக்கித் தலைகீழாகத் திரும்பி வருகிறது, 'இரண்டு பழைய மர' மட்டும் வரிசை மாறவில்லை. கவனித்தால் இன்னொரு விஷயமும் தெரியும். 'தட் வாஸ்' என்று ஒருமை வந்ததால் 1925இல் கட்டப்பட்டது பெஞ்சுகள் அல்ல என்பது உறுதி. ஆனால் கட்டப்பட்டது பள்ளியா, வாயிலா? இரண்டும் ஒருமைதான். ஆங்கில இலக்கணம் இதற்குப் பதில் சொல்லாது, வாசகர்தான் பொருளைக் கொண்டு ஊகிக்க வேண்டும். தமிழில் எழுதும்போது '1925இல் கட்டப்பட்ட' என்பதை எங்கே வைப்பது என்று நாம் ஒரு முடிவுக்கு வந்தாக வேண்டியிருக்கிறது.

வெட்டும் விதி பொய்க்கும் இடங்களும் உண்டு. 'தி கிங் ஆஃப் இங்லண்ட்ஸ் டாட்டர்' என்பதில் 'ஆஃப்' பார்த்த மாத்திரத்தில் வெட்டினால் மன்னர் தலையாகிவிடுவார். பேசப்படுவது மகள். ஆங்கில 'எஸ்' உடைமைக் குறி ஒரு சொல்லோடு ஒட்டினாலும் அதற்கு முன்னால் இருக்கும் முழுத் தொடரையும் சேர்த்தே பிடிக்கிறது, நம் 'உடைய' போல: இங்கிலாந்து மன்னருடைய மகள். எனவே வெட்டும் முன் உடைமைக் குறி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதுவரை உள்ளதெல்லாம் முன் அடை.

அளவுச் சொற்கள் அடுத்த சிக்கல். 'எ லாட் ஆஃப் வாட்டர் இஸ்', ஆனால் 'எ லாட் ஆஃப் புக்ஸ் ஆர்'. இங்கே 'லாட்' ஒப்புக்குத்தான் தலை. ஒருமை பன்மையைப் பின்னால் வரும் சொல்லிடமிருந்து வாங்கி வினைக்குக் கடத்துகிறது. தேர்வுகளில் அடிக்கடி வரும் ஜோடி: 'எ நம்பர் ஆஃப் ஸ்டூடன்ட்ஸ் ஆர் ஆப்சென்ட்', 'தி நம்பர் ஆஃப் ஸ்டூடன்ட்ஸ் இஸ் ஃபார்ட்டி'. முதலாவது 'பல மாணவர்கள்' என்று பொருள்படுகிறது. இரண்டாவது எண்ணிக்கையைப் பற்றியே பேசுகிறது. நாற்பது என்பது எண்ணிக்கை, ஆகவே ஒருமை. 'டூ கப்ஸ் ஆஃப் டீ' மாதிரி உண்மையான பாத்திரம் வரும் இடத்தில் சிக்கலே இல்லை, 'கப்ஸ்' தலை, பன்மை.

'ஒன் ஆஃப் தி பாய்ஸ் ஹாஸ் லெஃப்ட்' என்பது வெட்டும் விதிக்கு அடங்கும். தலை 'ஒன்', வினை 'ஹாஸ்'. ஆனால் 'ஹி இஸ் ஒன் ஆஃப் தி பாய்ஸ் ஹூ ஹேவ் பாஸ்ட்' என்று நீண்டால் 'ஹூ' பற்றியிருப்பது 'பாய்ஸ்' என்ற சொல்லை: தேறிய பையன்களில் இவன் ஒருவன். அதனால் மரபான இலக்கணம் 'ஹேவ்' கேட்கிறது. நல்ல ஆங்கில எழுத்தாளர்களே 'ஹாஸ்' எழுதுவதைப் பார்க்கலாம். தேர்வில் 'ஹேவ்' போடுங்கள்.

அடையே தலையாக நிற்பதும் உண்டு. 'தி ரிச் ஆர்', 'தி புவர் ஆர்' என்றால் பணக்காரர்கள், ஏழைகள். பெயர் வெளியே தெரியாது, இப்படி ஒரு வகை மக்களைக் குறிக்கும்போது வினை பன்மை. 'அட்டர்னி ஜெனரல்', 'சம்திங் யூஸ்ஃபுல்' போன்றவற்றில் அடை தலைக்குப் பின்னால் நிற்கிறது. தலை எது என்று பன்மையே காட்டிக்கொடுக்கும்: அட்டர்னிஸ் ஜெனரல், பாஸர்ஸ் பை, மதர்ஸ் இன் லா. மாமியார்கள் பலரானால் 'எஸ்' ஏறுவது 'மதர்' மீது. 'வாட் ஹி செட் இஸ் ட்ரூ' என்பதில் எழுவாயாக நிற்பது ஒரு முழு வாக்கியத் துண்டு. அதைப் பெயர்த்தொடரோடு சேர்த்துத் தலை தேடிக் களைக்க வேண்டாம்.

இந்தத் தொல்லை நமக்கு மட்டும் என்று எண்ணாதீர்கள். கேத்ரின் பாக், கரோல் மில்லர் என்ற இரு ஆய்வாளர்கள் 1991இல் வெளியிட்ட சோதனைகளில், ஆங்கிலம் பேசுபவர்களிடம் வாக்கியத்தின் முன்பாதியைக் கேட்கவைத்து, அதைத் திரும்பச் சொல்லி முடிக்கச் சொன்னார்கள். தலை ஒருமையாக இருந்து பக்கத்தில் ஒரு பன்மைப் பெயர் நின்றபோது, அந்த அண்டைப் பன்மைக்கு இழுபட்டு வினையைப் பன்மையில் சொன்னவர்கள் இருந்தார்கள். தலை பன்மையாகவும் அண்டைப் பெயர் ஒருமையாகவும் இருந்தபோது அந்தப் பிழை அவ்வளவாக வரவில்லை. உங்கள் 'லிஸ்ட் ஆஃப் கேண்டிடேட்ஸ்' முதல் வகை. வினாத்தாள் தயாரிப்பவர்களுக்கும் இது நன்றாகத் தெரியும் போலிருக்கிறது.

கணினிக்கு இதைச் சொல்லிக்கொடுத்தவர்களும் ஏறக்குறைய இதே வெட்டைத்தான் வெட்டினார்கள். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் மைக்கேல் காலின்ஸ் 1999இல் முடித்த முனைவர் பட்ட ஆய்வில் ஆங்கிலப் பெயர்த்தொடருக்குத் தலை தேடும் விதி இருக்கிறது: வலமிருந்து இடமாக வந்து முதலில் எதிர்ப்படும் பெயரை எடு, அப்படிப் பெயர் இல்லாமல் உள்ளே இன்னொரு பெயர்த்தொடர் இருந்தால், இடமிருந்து பார்த்து முதல் தொடருக்குள் போ. 'தி லிஸ்ட்' ஒரு சிறு தொடராகவும் 'ஆஃப்' பகுதி அதற்கு வெளியே ஒட்டியதாகவும் ஏற்கெனவே பிரிக்கப்பட்ட வாக்கியங்களில் அது வேலை செய்கிறது. அதாவது வால் முன்பே வெட்டப்பட்டுவிட்டது, மிச்சத்தில் கணினி தமிழ் விதியைப் போடுகிறது.

தொகைச் சொற்களில் பொருள் எந்தச் சொல்லில் சிறக்கிறது என்ற கேள்வி நமக்கும் பழையது. முன்மொழி, பின்மொழி, பன்மொழி, புறமொழி என்று நான்கு இடம் சொல்கிறது நன்னூல். தொல்காப்பியத்திலேயே இந்தப் பாகுபாடு இருக்கிறது. இதில் புறமொழி வகை ஆங்கிலத்துக்கும் பொருந்தும். 'பொற்றொடி வந்தாள்' என்றால் வந்தது வளையல் அல்ல, வளையல் அணிந்தவள். ஆங்கிலத்தில் 'பிக்பாக்கெட்' பாக்கெட் வகைகளில் ஒன்று அல்ல, ஓர் ஆள். இத்தகைய சொல்லுக்குள் தலையைத் தேடாமல் முழுச் சொல்லையும் ஒரே பெயராக எடுத்துக்கொள்ள வேண்டும். 'தி யங் பிக்பாக்கெட் இன் தி பஸ்' என்பதன் தலை 'பிக்பாக்கெட்'.

இணையத்தில் மேலும் தேடினால் 'தலை பெயரே அல்ல, தி, எ, திஸ் போன்ற சொற்கள்தான் தலை' என்று சொல்பவர்களையும் சந்திப்பீர்கள். அவர்கள் உளறவில்லை. எம்.ஐ.டி.யில் ஸ்டீவன் ஆப்னி 1987இல் அளித்த ஆய்வேட்டிலிருந்து மொழியியலாளர் பலர் அப்படித்தான் கொள்கிறார்கள், அதற்கு வலுவான வாதங்களும் இருக்கின்றன. முதுகலை மொழியியல் படிக்கப் போனால் அதைப் படியுங்கள். போட்டித் தேர்வில் 'தி ரெட் புக்' என்று கொடுத்துத் தலை எது என்று கேட்டால் 'புக்' என்றே எழுதுங்கள். 'தி' என்று எழுதிவிட்டு ஆப்னியைச் சாட்சிக்கு அழைத்தால், திருத்துபவர் மதிப்பெண் தரமாட்டார்.